நாலு கலர் சீட்டா, ஒத்தை பட்டனா? உங்க உள்ளாட்சி ஓட்டு எங்கே இருக்குன்னு தெரியுமா மக்களே!

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சின்ன கிராமம். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால் எங்கள் தெரு முனையில் ஒரு தெருவிளக்குக் கம்பம். அதில் பல்பு எரியவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பாயியிடம் கேட்டேன்.

"யார்ட்ட சொல்றது தாயி? பிரசிடெண்டு இருந்தா வீட்டு வாசல்ல போய் நின்னு கத்தலாம். இப்பதான் யாருமே இல்லையே!"

அப்பாயி சொன்னது சரிதான். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளுக்கு 2025 ஜனவரி 5-ம் தேதியோடு ஐந்தாண்டு பதவிக்காலம் முடிந்துவிட்டது. அதன்பிறகு தனி அலுவலர்கள் பொறுப்பில்தான் ஊராட்சிகள் இருக்கின்றன. கிராம ஊராட்சிக்கு வட்டார வளர்ச்சி அலுவலர்தான் தனி அலுவலர். ஒருவர் கையில் எத்தனையோ ஊராட்சிகள். அவர் ஆபீஸ் இருப்பது ஒன்றியத் தலைநகரில். ஒரு பல்புக்காக அப்பாயி பஸ் ஏற முடியுமா?

இது புதிதும் இல்லை. 2016 அக்டோபரில் நடக்க இருந்த உள்ளாட்சித் தேர்தலின் அறிவிப்பை, பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அன்றிலிருந்து மூன்று வருடங்களுக்கும் மேல் தனி அலுவலர்கள்தான். ஒரு கிராமத்துக் குழந்தை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து நான்காம் வகுப்புக்குப் போகும் வரை ஊருக்குத் தலைவரே இல்லை என்றால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

சரி, நான் எழுத வந்தது தேர்தல் தள்ளிப்போவதைப் பற்றி அல்ல. அது வரும்போது நம் பெயர் பட்டியலில் இருக்குமா, இருந்தால் எந்த ஊர்ப் பட்டியலில் இருக்கும் என்பதைப் பற்றி. இந்தக் கேள்வியில் நானே ஒருமுறை வழுக்கி விழுந்தவள்.

அப்பாயி சொல்லித்தந்த மடிப்பு

என் முதல் ஓட்டு 2019 டிசம்பர் 30. ஊரக உள்ளாட்சித் தேர்தலின் இரண்டாம் கட்டம். அந்த வருடம் மக்களவைத் தேர்தலுக்கு நான் பெயர் சேர்க்கவில்லை. அப்புறம் காலேஜில் முகாம் போட்டபோது படிவம் 6 எழுதிக் கொடுத்திருந்தேன்.

பஞ்சாயத்துத் தேர்தலில் ஒருவருக்கு நாலு ஓட்டு என்பதே எனக்கு அன்றுதான் முழுதாகப் புரிந்தது. கிராம ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளைச் சீட்டு (சில இடங்களில் இளநீலம்), ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஊராட்சி ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சிக் கவுன்சிலருக்கு மஞ்சள். முதல் இரண்டிலும் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ ரிக்‌ஷா மாதிரி பொதுச் சின்னங்கள்தான். அடுத்த இரண்டில் கட்சிகள் நேரடியாக நிற்கும்.

மெஷின் இல்லை. பேப்பர்தான். இடது கை ஆள்காட்டி விரலில் மை வைத்து, நாலு சீட்டையும் கையில் கொடுத்து, ரப்பர் முத்திரை ஒன்றும் கொடுப்பார்கள். மறைவுக்குப் பின்னால் போய் ஒவ்வொரு சீட்டிலும் ஒரே ஒரு சின்னத்துக்கு எதிரே குத்த வேண்டும்.

குத்துவது பெரிய விஷயமில்லை, மடிப்பதுதான் விஷயம் என்று அப்பாயி முதல் நாள் ராத்திரியே கிளாஸ் எடுத்துவிட்டார். தினசரி காலண்டரில் கிழித்த தாளை எடுத்து, "முதல்ல நெட்டுவாக்குல மடி. அப்புறம்தான் குறுக்கால. இல்லாட்டி மை ஈரம் பக்கத்துச் சின்னத்துல ஒட்டிக்கிரும். ஒன் ஓட்டு செல்லாத ஓட்டாப் போகும்" என்றார். கைநாட்டு வைக்கும் அப்பாயி எனக்கு, டிகிரி படித்துக்கொண்டிருந்த எனக்கு, ஓட்டுச் சீட்டு மடிக்கக் கற்றுக்கொடுத்தார். எந்தக் கையேட்டிலும் இதைவிடத் தெளிவாக நான் படித்ததில்லை.

அவர் சொன்ன இன்னொன்று: "பேரு எழுதாத. கைநாட்டு வெக்காத." ஆமாம், சிலர் பழக்க தோஷத்தில் சீட்டின் மேலேயே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஓட்டுப் போட்டவர் யார் என்று அடையாளம் தெரியும்படி எது இருந்தாலும் அந்தச் சீட்டு செல்லாது. இரண்டு சின்னத்தில் குத்தினாலும் செல்லாது.

நாலு சீட்டும் ஒரே பெட்டிக்குள்தான் விழும். எண்ணும் அன்று பெட்டியைக் கவிழ்த்து, முதலில் கலர் கலராகப் பிரித்து, கட்டுக் கட்டி, பிறகுதான் எண்ண ஆரம்பிப்பார்கள். அதனால்தான் 2020 ஜனவரி 2-ம் தேதி தொடங்கிய எண்ணிக்கை மறுநாளும் நீண்டது. மொத்தம் 91,975 பதவிகள்! அதில் 76,746 பேர் வார்டு உறுப்பினர்கள். 9,624 பேர் ஊராட்சித் தலைவர்கள். நாம் டிவியில் பார்க்கும் எம்.எல்.ஏ-க்கள் 234 பேர்தான் என்பதை நினைத்துக்கொண்டால் இந்த எண்ணிக்கையின் கனம் தெரியும்.

ஆறு ஓட்டு வீடு

கிராமத்தில் வீட்டை அடையாளம் சொல்லும்போது "ஓட்டு வீடு, மெத்தை வீடு" என்று சொல்வது ஒரு கணக்கு. தேர்தல் சமயத்தில் வேறு கணக்கு. "அது ஆறு ஓட்டு வீடுப்பா" என்பார்கள். அப்பாயி, அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, நான். ஆறு. வார்டு உறுப்பினருக்கு நிற்பவர் ஆறு ஓட்டு வீட்டு வாசலில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுத்தான் போவார். ஏனென்றால் வார்டில் மொத்த ஓட்டே சில நூறுதான். ஒற்றை இலக்கத்தில் ஜெயிப்பதும் தோற்பதும் அங்கே சாதாரணம். இருவருக்கும் சமமான ஓட்டு விழுந்தால் குலுக்கல்.

(உள்ளாட்சிக் கட்டுரை என்றால் உத்திரமேரூர் கல்வெட்டைச் சொல்லாமல் விடக்கூடாது என்பது எழுதப்படாத விதி. சொல்லிவிடுகிறேன். பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ம் ஆண்டுக் கல்வெட்டுகளில் குடவோலை முறை விரிவாக இருக்கிறது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். ஆனால் அந்த ஓலையில் பெயர் வர வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் படிப்பு வேண்டும். எங்கள் அப்பாயி பெயரெல்லாம் குடத்துக்குப் பக்கத்தில்கூட வந்திருக்காது.)

ஓட்டு எந்த வார்டில் இருக்கிறது என்பதன் அருமை புரிய 2021 அக்டோபரில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். கோவை மாவட்டம் குருடம்பாளையம் ஊராட்சியில் 9-வது வார்டுக்கு இடைத்தேர்தல். அதில் நின்ற ஒருவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஓட்டு. சோஷியல் மீடியா முழுக்க அவர்தான் அன்றைக்கு மீம். "வீட்ல இருக்கறவங்ககூட ஓட்டுப் போடலையா?" என்று நாடு முழுக்கச் சிரித்தார்கள். நானும் ஒரு மீமை ஷேர் செய்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விஷயம் என்ன தெரியுமா? அவர் ஓட்டும் சரி, அவர் குடும்பத்தினர் ஓட்டும் சரி, 9-வது வார்டிலேயே இல்லை. வேறு வார்டில் இருந்தது. ஊராட்சியின் எந்த வார்டிலும் ஒருவர் வேட்பாளராக நிற்கலாம். ஆனால் ஓட்டுப் போடுவது பெயர் இருக்கும் வார்டில் மட்டும்தான். ஆக, அவருக்கு விழுந்த ஒரு ஓட்டு, அவர் வீட்டைச் சேராத யாரோ ஒருவர் போட்டது! வார்டுக் கணக்கு தெரியாமல்தான் அவ்வளவு பேரும் சிரித்தோம்.

நான் வழுக்கியது இங்கேதான்

இதழியல் டிப்ளமோவுக்காகச் சென்னை வந்தேன். அப்படியே வேலையும் கிடைத்து இங்கேயே தங்கிவிட்டேன். 2022 பிப்ரவரி 19, நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகள். அன்று காலை ஏழு மணியிலிருந்து பூத் பூத்தாக வாசலில் நின்று, வரும் வாக்காளர்களிடம் "உங்க கடமையைச் செஞ்சுட்டீங்களா?" என்று மைக் நீட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வயதான அம்மா திருப்பிக் கேட்டார்: "நீ போட்டியாம்மா?"

எனக்கு ஓட்டு இல்லை. ஊரில் ஓட்டு இருந்தது. ஊரில் அன்று தேர்தல் இல்லை. சென்னையில் தேர்தல் இருந்தது. இங்கே என் பெயர் இல்லை.

அந்தத் தேர்தலில் மாநிலம் முழுக்க 60.70 சதவிகிதம் பதிவானது. சென்னையில் 43.59 சதவிகிதம்தான், மாநிலத்திலேயே குறைவு. உடனே "சென்னைவாசிகள் சோம்பேறிகள்" என்று எல்லாரும் எழுதினோம். சோம்பல் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் ஹாஸ்டலில் இருந்த பெண்களில் பாதிப் பேருக்குச் சென்னையில் ஓட்டே கிடையாது. அந்தப் பாதியை எந்த சதவிகிதத்திலும் எண்ண முடியாது, ஏனென்றால் அவர்கள் பட்டியலிலேயே இல்லை.

அடுத்த மழைக்காலத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த தெருவில் கழிவுநீர் பொங்கி வீட்டுப் படி வரை வந்தது. நானும் ரூம்மேட்டும் வார்டு அலுவலகம் போனோம். அங்கிருந்த ஒருவர் எங்களை மேலும் கீழும் பார்த்து, "உங்க ஓட்டு இங்கயாம்மா?" என்றார். இல்லை என்று சொன்னதும் நோட்டுப் புத்தகத்தில் எழுதியவர் முகம் மாறிவிட்டது. ஓட்டு இருந்தால்தான் சாக்கடை அள்ளுவோம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வீட்டு வாடகையோடு வரியும் தண்ணீர்க் காசும் சேர்த்துத்தானே நாமும் கட்டுகிறோம். சாக்கடையும் இரண்டு நாளில் சரியானது. ஆனாலும் அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது.

ரெண்டு ஆணையம், ஒரே பட்டியல்

பலருக்கும் குழப்பம் இங்கேதான் வருகிறது. சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம். இது வேறு அமைப்பு. 73, 74-வது அரசியல் சட்டத் திருத்தங்களுக்குப் பிறகு வந்தது. கோயம்பேட்டில் தனி அலுவலகமே இருக்கிறது.

ஆனால் வாக்காளர் பட்டியல்? அதற்குத் தனிப் படிவம் கிடையாது. சட்டமன்றத் தொகுதிக்கான பட்டியலை எடுத்து, அதை வார்டு வார்டாகப் பிரித்துத்தான் உள்ளாட்சிக்கான பட்டியல் தயாராகிறது. ஆக, சட்டமன்றப் பட்டியலில் உங்கள் பெயர் இல்லையென்றால் வார்டுப் பட்டியலிலும் இருக்காது. "கவுன்சிலர் எலெக்‌ஷனுக்குத் தனியா எழுதிக் கொடுக்கணுமா?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். இப்போதே ஒரே இடத்தில் சரிபார்த்துவிட்டால் போதும்.

முதல்முறை சேர்ப்பவர்களுக்குப் படிவம் 6. முன்பு ஜனவரி 1 மட்டும்தான் தகுதி நாள். இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என வருடத்துக்கு நான்கு. 17 வயது முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்து வைக்கலாம். 18 ஆனதும் அடுத்த தகுதி நாளை ஒட்டிப் பெயர் ஏறும். ப்ளஸ் டூ பிள்ளைகள் வீட்டில் இருந்தால், ரிசல்ட் டென்ஷனுக்கு நடுவே இதையும் முடித்துவிடுங்கள் அம்மா, அப்பாக்களே.

வீடு மாறியவர்கள், பெயர், வயது, போட்டோ திருத்த வேண்டியவர்கள், அட்டை தொலைத்தவர்கள் எல்லாருக்கும் ஒரே படிவம்தான். படிவம் 8. தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் இணையதளத்திலோ, ஆப்பிலோ போனிலேயே முடித்துவிடலாம். சந்தேகத்துக்கு 1950 என்ற எண். வீடு மாறினால் வாக்காளர் அட்டை எண் மாறாது. பழைய ஊரில் பெயர் நீங்கி புது முகவரியில் சேரும். இரண்டு இடத்திலும் வைத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பார்கள். கூடாது. ஒருவர் பெயர் ஒரு இடத்தில்தான் இருக்க வேண்டும். தெரிந்தே பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமிருக்கிறது.

கேட்க எளிது. 2023-ல் நான் படிவம் 8 போடப் போனபோது முதலில் முட்டியது முகவரி ஆதாரம். வாடகை ஒப்பந்தம் என்றால் பதிவு செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். எங்களுடையது இருபது ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதியது. ஹவுஸ் ஓனர் ஆன்ட்டியிடம் கரன்ட் பில் கேட்டேன். "ஓட்டெல்லாம் ஊர்லயே வெச்சுக்கோங்கம்மா, இங்க எதுக்கு?" என்றார். வாடகைக்கு இருப்பவர் பெயரில் எந்தக் காகிதம் போனாலும் வீடே போய்விடும் என்று அவருக்கு ஒரு பயம். வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பது வீட்டின் மேல் எந்த உரிமையும் தராது என்று எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. கடைசியில் பேங்க் பாஸ்புக்கில் முகவரியை மாற்றி, அதைக் கொடுத்தேன். வாடகைவாசிகளே, ஓனரிடம் மல்லுக்கட்டுவதைவிட இது சுலபம். ஆதார், பாஸ்புக் இரண்டில் ஒன்றில் இப்போதைய முகவரி இருந்தால் போதும்.

அடுத்து பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர் சரிபார்க்க வந்தார். நான் ஆபீஸில் இருந்தேன். "வீடு பூட்டியிருக்கு" என்று போன் வந்தது. நல்லவேளை, எண் கொடுத்திருந்தேன். பகலில் வேலைக்குப் போகும் பேச்சிலர் வீடுகளில் பெயர் விடுபடுவதற்குப் பாதிக் காரணம் இந்தப் பூட்டுதான்.

"அஞ்சு ஓட்டு வீடா ஆயிருச்சு"

உண்மையில் அந்தப் படிவத்தின் கடைசிப் பட்டனை அழுத்துவதற்கு முன் நான் நாலு நாள் யோசித்தேன். ஆதாரம் கிடைக்காததால் அல்ல. ஊரில் பெயரை எடுத்துவிட்டால் அங்கே எனக்கு வேறு என்ன இருக்கிறது?

இது வெறும் சென்டிமென்ட் இல்லை. கிராம சபையின் உறுப்பினர் யார் என்று அரசியல் சட்டமே சொல்கிறது: அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள். பட்டியலிலிருந்து பெயர் போனால் அந்த ஜமுக்காளத்தில் உட்கார்ந்து "ஏன் குளம் தூர்வாரலை?" என்று உறுப்பினராகக் கேட்கும் உரிமையும் போகும். நகரத்தில் ஏரியா சபை, வார்டு கமிட்டி என்று இருக்கிறது. எங்கள் ஏரியா சபை எங்கே நடந்தது என்று பக்கத்து வீட்டில் கேட்டால் அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

ஆனால் சட்டம் கேட்பது ஒன்றைத்தான்: நீ வழக்கமாக எங்கே குடியிருக்கிறாய்? வருடத்தில் பத்து நாள் ஊரில் இருக்கும் நான், ஊர்க் குளத்தைப் பற்றி முடிவு செய்வதும் நியாயமில்லை என்றுதான் எனக்குப் பட்டது. பட்டனை அழுத்திவிட்டேன். போனில் சொன்னபோது அப்பாயி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்ப இனிமே அஞ்சு ஓட்டு வீடா?" என்றார்.

அந்த ஊர் விடாமல் துரத்தியது வேறு கதை. 2025 நவம்பரில் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்தது நினைவிருக்கும். சென்னை வீட்டுக்குக் கணக்கெடுப்புப் படிவம் வந்தது. முந்தைய தீவிரத் திருத்தம் நடந்த 2002-ம் ஆண்டுப் பட்டியலில் (சில தொகுதிகளுக்கு 2005) உங்கள் பெயர், இல்லாவிட்டால் பெற்றோர் அல்லது தாத்தா, பாட்டி பெயர் விவரம் என்ன என்று ஒரு கட்டம். 2002-ல் எனக்கு இரண்டு வயது! அப்பா பெயரைத் தேடினால் கிடைக்கவில்லை. பட்டியலில் பெயர் எப்படி எழுதியிருக்கிறார்களோ அப்படித் தேடினால்தானே வரும்? கடைசியில் அப்பாயிதான் கைகொடுத்தார். "நமக்கு அப்போல்லாம் பள்ளிக்கூடத்து பூத்து. பக்கத்து வீட்டு ராவுத்தர் பேருக்கு அடுத்தாப்புல நம்ம வீடு வரும் பாரு." அப்படியே இருந்தது. ஸ்கேன் செய்த பக்கத்தில், ஒரு எழுத்து தப்பாக, என் அப்பா. அதற்கு மேல் வரியில் அப்பாயி.

டிசம்பர் 19-ல் வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டில் சுமார் 97 லட்சம் பெயர்கள் நீங்கியிருந்தன. இறந்தவர்கள், இரட்டைப் பதிவுகள் போக, சுமார் 66 லட்சம் பேர் 'இடம் மாறியவர்கள்'. இதில் என்னைப் போல பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போனவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்! எடுக்கப்பட்டது சரியா தப்பா என்ற அரசியல் வாதத்தைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். போன இடத்தில் பெயர் சேர்ந்ததா என்பதை அவரவர்தான் பார்க்க வேண்டும். பழைய அட்டை பர்ஸில் இருக்கிறது என்பது பட்டியலில் பெயர் இருப்பதற்கு ஆதாரமே இல்லை. பட்டியலில் பெயர் இருந்தால் அட்டை இல்லாமலும் ஓட்டுப் போடலாம்: ஆதார், டிரைவிங் லைசென்ஸ், பான், பாஸ்போர்ட், நூறு நாள் வேலை அட்டை, போட்டோ ஒட்டிய பேங்க் பாஸ்புக் என மாற்று ஆவணங்கள் உண்டு. அட்டை இருந்து பெயர் இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொரு எச்சரிக்கை. போன தடவை சட்டமன்றத் தேர்தலுக்கு ஓட்டுப் போட்ட பள்ளிக்கே உள்ளாட்சிக்கும் போய் நிற்காதீர்கள். வார்டு எல்லையும் தொகுதி எல்லையும் வேறு, பூத்தும் மாறும். 2022-ல் நான் மைக் பிடித்து நின்ற பூத் வாசலிலேயே, கணவருக்கு ஒரு பள்ளி, மனைவிக்கு வேறு பள்ளி என்று புலம்பிப் போனவர்கள் உண்டு. உங்கள் பெயரில் ஏற்கெனவே யாரோ போட்டுவிட்டார் என்றால் திரும்பி வந்துவிடாதீர்கள். 'சர்கார்' படம் வந்தபிறகு 49பி எல்லாருக்கும் தெரியும். அது சட்டமன்ற, மக்களவைத் தேர்தல் விதி. உள்ளாட்சி விதிகளிலும் அதேபோல 'டெண்டர் ஓட்டு' இருக்கிறது. வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் அடையாளத்தை நிரூபித்துக் கேட்கலாம். ஆனால் நோட்டா இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். 2022-ல் கவுன்சிலர் தேர்தல் மெஷினில் அந்தப் பட்டன் இல்லை.

பெயர் இருந்தும் போதாத காலம்

இதை எழுதும்போது சீனியர் ஒருவர், "படிவம், ஆப் எல்லாம் சரி. பாப்பாபட்டி பத்தி எழுதுனியா?" என்றார். எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். படித்துப் பார்த்தேன்.

மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்காச்சியேந்தல். 1996-ல் இந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சமூகத்தினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருடங்கள் அங்கே தலைவர் என்று ஒருவர் நிலையாக உட்கார முடியவில்லை. மனுத்தாக்கல் செய்ய ஆள் வர மாட்டார். வந்து ஜெயித்தாலும் உடனே ராஜினாமா. எல்லாருக்கும் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தது. பெட்டி இருந்தது, சீட்டு இருந்தது. 2006 அக்டோபரில்தான், உதயச்சந்திரன் மதுரை கலெக்டராக இருந்தபோது, அந்த ஊர்களில் தேர்தல் முறையாக நடந்தது.

மேலவளவு இன்னும் கொடுமை. அங்கே ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவரோடு இருந்த ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று, பஸ்ஸில் ஊர் திரும்பும் வழியில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஊராட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததற்காக.

நான் பிறப்பதற்கு மூன்று வருடங்களுக்கு முன்னால்தான் இது நடந்திருக்கிறது. இப்போதும் பதவியை ஏலம் விடுவது ஒழிந்துவிடவில்லை. 2019 டிசம்பரிலும் அப்படிச் செய்திகள் வந்து, மாநிலத் தேர்தல் ஆணையம் எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. கோயிலுக்கு இவ்வளவு தருகிறேன் என்று ஒருவர் தொகை சொன்னதும் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். ஏலம் முடிந்தால் ஊரில் யாருக்கும் நாலு சீட்டில் ஒரு சீட்டு குறைந்துபோகும்.

இந்தப் பக்கம் பார்த்தால், 2021 அக்டோபரில் நெல்லை மாவட்டம் சிவந்திபட்டியில் 90 வயது பெருமாத்தாள் ஊராட்சித் தலைவராக ஜெயித்தார். அதே தேர்தலில் தென்காசி மாவட்டம் வெங்கடாம்பட்டியில் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த சாருகலா ஜெயித்தார். பெண்களுக்கு 50 சதவிகித ஒதுக்கீடு வந்தபிறகு இதெல்லாம் நடக்கிறது. 21 வயது ஆனால் நிற்கலாம். கிராம வார்டு உறுப்பினருக்கு டெபாசிட் 2019-ல் 200 ரூபாய்தான். பட்டியலில் பெயர் இருப்பது ஓட்டுப் போட மட்டுமல்ல, நிற்பதற்கும் அதுதான் முதல் தகுதி என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சென்னையில் 2022-ல் வந்த கவுன்சிலர்களுக்கு 2027 தொடக்கத்தில் ஐந்து வருடம் முடியும். நகரத்தில் நமக்கு இருப்பது ஒரே ஓட்டு, வார்டு கவுன்சிலருக்கு. மேயரை 2011-ல் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2022-ல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

பொங்கலன்று சாயங்காலம், அப்பாயி என் புது அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படிக்கத் தெரியாது. ஆனால் சென்னை முகவரி என்று தெரியும்.

"அங்க எத்தனை சீட்டு தருவாக?"

"சீட்டே கிடையாது அப்பாயி. மெஷின். ஒரு பட்டன்."

"ஒண்ணுதானா? இந்த ஒண்ணுக்கா இங்க இருந்த நாலையும் விட்ட?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "சரி, போட்டுட்டுப் போ. அங்க கவுன்சிலரு யாரு?"

பெயரைச் சொன்னேன்.

"யார் வீட்டுப் புள்ள?"

அது எனக்குத் தெரியவில்லை.